பகல் விட்டில்

செவ்வாய்க்கிழமை காலையில் இறகை விரித்து, ஊசி குத்தி, காகித நாடா போட்டு இறுக்கி வைத்த விட்டில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது இறகை மடக்கிக்கொண்டு இருந்தது.

கைருன்னிஸா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாடாவைப் போட்டவர் அவள் கணவர் சேக் அலாவுதீன். அவர் போட்ட நாடா ஒரு நாளும் நழுவியதில்லை. கடல்காற்றில் காகிதம் நமத்திருக்கும், பசை விட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, மத்தியான லுஹர் பாங்கு சொல்ல ஆரம்பித்த நேரத்தில், இதே அறையில் இதே மேஜைக்குப் பக்கத்தில்தான் அவர் சரிந்து விழுந்தார். யுனானி வைத்தியர் மூக்கருகே கண்ணாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு அடக்கமும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவள் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வாசற்படியைத் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. அவர் விட்டுப்போன பூச்சிப் பெட்டிகளைத் துடைத்து வைப்பதைத் தவிர அவளுக்கும் வேறு என்ன வேலை இருக்கிறது?

இறகை மறுபடி விரித்து வைத்துவிடலாம் என்று ஊசியை உருவினாள். உருவிய ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டாள். இரண்டு கையும் வேலையாக இருந்தால் ஊசி உதட்டுக்குப் போவது அந்த வீட்டுப் பழக்கம். அவரும் அப்படித்தான். பத்து வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து, வாயில் ஊசியோடு முணுமுணுவென்றே பேசிப் பழகியவர்கள் இருவரும்.

இடுக்கிச் சிமிட்டாவால் விட்டிலைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். முன்னிறகில் மை நீலம், ஓரத்தில் வெள்ளைப் புள்ளி, வயிற்றில் சிவப்பு வளையம். கழுத்தருகே மஞ்சளாக ஒரு சொட்டு நுரை இருந்தது. அல்வாவுக்கு இடிக்கிற வாதாமில் ஒரு கசந்த பருப்பு விழுந்துவிட்டால் வருமே, அந்த வாசனை. வயிற்றின் சிவப்பு வளையங்கள் ஒன்றோடொன்று நெருங்கின. விலகின. மறுபடி நெருங்கின.

அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

உதட்டிலிருந்த ஊசி தரையில் விழுந்து கிணுக்கென்றது. விட்டில் சிமிட்டாவை விட்டு நழுவி மேஜைமேல் நாலு அடி நடந்தது. இறகை ஒரு தடவை உதறி, ஜன்னல் கம்பிக்கு நடுவே வெயிலில் போய்விட்டது. முதுகில் ஊசி போன ஓட்டையோடு.

அவளுக்குப் பயமாக இருந்தது. பூச்சிக்குப் பயப்படுகிற பெண் இல்லை அவள். தெருவில் அவருக்குப் பூச்சி வாத்தியார் என்று பெயர் வைத்தபோது அவளையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இயற்கை நூல் வாத்தியார். சைகோனுக்குக் கப்பலேறி நாலு காசு பார்க்க வேண்டிய வயதில் வலையைத் தூக்கிக்கொண்டு அரசலாற்று முகத்துவாரத்தில் அலைகிறாரே என்று சொந்தக்காரர்களுக்கு ஓயாத குறை. அவருக்குக் கிட்டப்பார்வை. அதனால் கால், கொம்பு, இறகு நரம்பு எல்லாம் பார்த்துச் சொல்வது அவள் கண்தான். பெட்டிக்குள் இருக்கும் சீட்டுகள் எல்லாம் அவள் கையெழுத்துத்தான்.

இந்த நீலப் பூச்சியை முதலில் அவர் வண்ணத்துப்பூச்சி என்றுதான் கொண்டுவந்தார். மாசிக் கடைசியில், உச்சி வெயிலில், காக்கை கூடக் கத்தாத நேரத்தில், முகத்துவாரத்துத் தில்லை மரங்களைச் சுற்றி நூறு நூறாகப் பறந்ததாம். அவள் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். வண்ணத்துப்பூச்சிக்குக் கொம்பின் நுனி தடித்திருக்கும். இதற்குச் சீப்புப் பல்லாக இருந்தது. முன்னிறகையும் பின்னிறகையும் சேர்த்துப் பிடிக்கிற ஒற்றை மயிரும் இருந்தது. உட்காரும்போது இறகை நிமிர்த்திக் கூப்பவில்லை, கூரையாகச் சரித்துக்கொண்டது. "இது விட்டிலுங்க. பகல்ல பறக்குற விட்டிலு" என்றாள். அவரிடமிருந்த பிரெஞ்சுப் படப் புத்தகத்தில் இது இல்லை. பாரீசில் இருக்கும் ஒரு பூச்சி நிபுணருக்கு எழுதிப் போட்டார். ஆறு நல்ல உருப்படி அனுப்புங்கள், அது எப்படி வாழ்கிறது என்பதையும் எழுதுங்கள் என்று பதில் வந்தது. புதிய இனமாக இருந்தால் உன் பேரைத்தான் வைக்கச் சொல்வேன் என்று அவர் சொன்னபோது, போதும் போதும் என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது எப்படி வாழ்கிறது. அதை அவர் தனி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நாலு நாளாக அவர் கையெழுத்தைப் பார்க்க மனம் துணியாமல் அவள் அதைத் தொடவே இல்லை. இப்போது எடுத்தாள்.

"ஞாயிறு. விஷச் சீசாவில் ஒரு மணி நேரம் போட்டும் சாகவில்லை. செத்தது போலக் கிடக்கிறது, அவ்வளவுதான். சயனைடு வீரியம் போய்விட்டதோ என்று ஒரு ஈயை விட்டுப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் செத்தது. இதன் நுரை வாசனையும் சீசா வாசனையும் ஒன்றாகவே இருக்கின்றன. தன் உடம்பிலேயே அந்த விஷத்தைக் காய்ச்சுகிற ஜந்துவை அந்த விஷம் என்ன செய்யும்?"

"திங்கள், காலை பத்து. சுவர்ப்பல்லி ஒரு விட்டிலைக் கவ்வியது. மத்தியானத்துக்குச் சற்று முன்னால் சொத்தென்று கீழே விழுந்தது. மூச்சு இல்லை. ஊசியால் குத்தினாலும் அசையவில்லை. தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். கைருன்னிஸாவிடம் சொல்லவில்லை, வீட்டுக்குள் வைக்க விடமாட்டாள்."

"வெள்ளி. மத்தியானத்துக்குச் சற்று முன்னால் தீப்பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம். திறந்தேன். பல்லி ஓடிவிட்டது. விழுந்த நேரத்திலிருந்து சரியாக நாலு நாள்."

அதற்குக் கீழே கடைசியாக நாலு வரி.

"செவ்வாய். இன்று ஆறு விட்டில்களுக்கும் ஊசி போட்டாயிற்று. நாக்கு நுனி மரத்திருக்கிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு போல. பதினொன்றரைக்கு விரலும் மரத்தது. உதடு"

உதடு என்பதற்குப் பிறகு எழுத்து இல்லை. மைக்கோடு ஒன்று மட்டும் காகிதத்தின் ஓரம் வரை இழுபட்டிருந்தது.

ஆறு விட்டில், ஆறு ஊசி. குத்தி, சரியில்லை என்று உருவி, உதட்டில் கவ்வி, மறுபடி குத்தி. அவள் எதிரே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்த காலை அது. பல்லி, நாலு நாள். விட்டில், நாலு நாள். செவ்வாய் லுஹர் பாங்கு. விரல் மடக்கி எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. இன்று லுஹர் பாங்கு.

அவர் சாகவில்லை. மண்ணுக்குள் உயிரோடு கிடக்கிறார். இன்னும் மூன்று மணி நேரத்தில் கண் விழிப்பார்.

"ஆரிபா!" என்று கத்தினாள்.

ஆரிபா அவருடைய தங்கை. இத்தா முடியும் வரை துணைக்கு என்று வந்து தங்கியிருப்பவள். ஆணம் கொதித்துக்கொண்டிருந்த அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்ன மச்சி? என்னாச்சு?"

"அவுஹ சாவலை ஆரிபா. உங்க நானா சாவலை. கபுருக்குள்ள உசுரோட இருக்காஹ. பெரியவுஹளைக் கூட்டியா. மம்பட்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. ஓடு!"

ஆரிபா கரண்டியைக் கீழே வைத்தாள். மச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிறைந்திருந்தது இரக்கம். அந்த இரக்கத்தைப் பார்த்ததும் கைருன்னிஸா கையை விடுவித்துக்கொண்டாள். நோட்டைக் காட்டினாள். படித்துக் காட்டினாள். பல்லி, ஊசி, நாலு நாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஆரிபா அழுதுகொண்டே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். நம்பிப் போனாளா, பைத்தியத்துக்கு வைத்தியரைக் கூட்டிவரப் போனாளா என்பது இவளுக்குத் தெரியவில்லை.

கடிகாரம் பத்தரை அடித்தது. பதினொன்று அடித்தது. பங்குனி வெயிலில் முற்றம் வெள்ளையாகக் காய்ந்தது. அடுப்பில் ஆணம் அடிப்பிடித்துத் தீய்ந்தது, அவள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீலமாக ஒன்று பறந்தது, அப்புறம் இரண்டு. வீடு முழுக்கக் கசந்த வாதாம் வாசனை. எச்சில் விழுங்கினாள். அது எங்கோ வேறு யாரோ விழுங்குவது போல் இருந்தது.

பன்னிரண்டு அடிக்கும்போது வாசல் திரைக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டது. கணவரின் அண்ணன், அவள் பெரியவுஹ என்று கூப்பிடும் ஜவுளிக்கடை காதர் பாட்சா. நல்ல மனிதர். நாலு நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஆரிபா சொன்னிச்சிம்மா" என்றார் திரைக்கு வெளியே நின்றபடி. "மனசைத் தளரவிடாதே. கபுரைத் தோண்டுறது பெரிய பாவம். நானே என் கையால எறக்குனேன். எனக்குத் தெரியாதா?"

"வெறைச்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசியது.

"குளிப்பாட்டுனப்ப நீங்கதானே இருந்தீங்க. கை வெறைச்சிருந்துச்சா, மடங்குச்சா? அல்லாவுக்காகச் சொல்லுங்க."

அவர் சொன்னார். "மடங்குச்சு. தூங்குற புள்ளை கை மாதிரி மடங்குச்சு. நல்ல மனுஷன் மய்யத்து அப்புடித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாஹ. நானும் அழுதேன்."

அவருக்கும் இப்போது மூச்சு வாங்கியது. அது அவளுக்குக் கேட்டது.

"லுஹர் முடியட்டும்" என்றார். "ஹஜ்ரத்தைக் கேட்டுட்டு, நாலு பேரைக் கூட்டிக்கிட்டு…"

லுஹருக்கு முன்னால்! அவள் சொல்ல வாயைத் திறந்தாள். லு என்று நாக்கு புரளவில்லை. உதடு கனத்து, தொங்கி, ஒரு முனகல் மட்டும் வந்தது. கையைத் தூக்கி உதட்டைத் தொட்டாள். தொட்டது விரலுக்கும் தெரியவில்லை, உதட்டுக்கும் தெரியவில்லை.

ஊசி.

காலையில் உருவிய ஊசி. நுரை நனைந்த ஊசி. கவ்வியது எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்குமா? போதும். ஒரு பல்லிக்கு எவ்வளவு, ஒரு மனிதனுக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. போதும் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

மேஜைக்கு ஓடினாள். பேனாவை எடுத்தாள். விரல் மூடவில்லை, பேனா உருண்டது. எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. கால் மட்டும் இன்னும் இருந்தது. கால் இருக்கும்போதே மையவாடிக்குப் போய்விட வேண்டும். அவர் மேல் கிடக்கிற மண்ணைப் பல்லாலாவது கிளறிக் காட்ட வேண்டும். திரையை இழுத்தாள். எதிரே நின்ற காதர் பாட்சா பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தாவில் இருக்கும் தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கலாமா? அவர் பார்க்கவில்லை. அந்த முகத்தில் இருந்ததை யாருமே பார்க்கவில்லை.

வாசற்படி தாண்டினாள். தெரு. வெயில். கண் கூசியது. சாக்கடை ஓரம் படுத்திருந்த ஆடு எழுந்து விலகியது. பத்தடி. இருபதடி. பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது.

முழங்கால் இல்லை. இடுப்பு இல்லை. மண் எழுந்து வந்து கன்னத்தில் இடித்தது, வலிக்கவில்லை.

பெண்கள் ஓடிவரும் சத்தம். "முகத்தை மூடுங்கடி, ஆம்பளைங்க வாறாஹ" என்று யாரோ சொன்னார்கள். முகத்தில் துணி விழுந்தது. அதோடு வெளிச்சம் போயிற்று. காதும் மூக்கும், தொட்டால் எங்கோ தூரத்தில் படுவது போல் ஒரு உணர்வும் மட்டும் மிச்சம்.

"இத்தாவை முறிச்சுக்கிட்டு ஓடுனா. நெஞ்சு வெடிச்சுட்டுது."

"புருஷன்மேல அவ்வளவு உசுரு."

வைத்தியர் வந்தார். கண்ணாடி உரசியது. அவள் மூச்சு விட்டுப் பார்த்தாள். எங்கிருந்து விடுவது என்றே தெரியவில்லை.

"முடிஞ்சுட்டுது" என்றார்.

இல்லை. இல்லை. நான் இருக்கிறேன்.

ஆரிபா மட்டும் அலறினாள். "மச்சி நாலு நாளுன்னு சொன்னாங்க! நோட்டுல எழுதியிருக்கு! பாருங்க நானா!" நாலைந்து பேர் அவளை அடக்கினார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள். தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். காதர் பாட்சாவின் குரல் அங்கே எங்குமே கேட்கவில்லை.

குளிப்பாட்ட வைத்தபோது காதருகே சூடாக ஒரு மூச்சு வந்தது. ஆரிபா.

"மச்சி. கேக்குதா? ஒரு விரலை அசைங்க. ஒரே ஒரு விரலு. நான் வீட்டையே கூட்டிருவேன். அசைங்க மச்சி."

கைருன்னிஸா தன் ஆயுளில் செய்த வேலையெல்லாம் சேர்த்து அந்த ஒரு விரலில் போட்டாள். ஆரிபா கையைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு கையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

தண்ணீர். கற்பூர வாசனை. மூக்கில் பஞ்சு. காதில் பஞ்சு. சத்தங்கள் தூரமாயின. கபன் துணியின் முடிச்சு தலைமாட்டில், இடுப்பில், கால்மாட்டில்.

தோளில் தூக்கிய சந்தூக்கு ஆடியது. இடம். வலம். கலிமா ஓதும் குரல்கள். காலடியில் மணல் நொறுங்கியது. மையவாடி. அஸர் முடிந்த நேரம். அவர் கண் விழித்து நாலு மணி நேரம் ஆகியிருக்கும்.

மம்பட்டிச் சத்தம் நின்றது.

"பக்கத்துல உங்க தம்பி கபுரு, பாய். இந்தப் பக்கச் சுவர் மண்ணு நிக்க மாட்டேங்குது. உள்ள பெருச்சாளி தோண்டுது போல" என்றான் வெட்டுகிறவன். "சத்தம் கேக்குது பாருங்க."

எல்லாரும் குனிந்து கேட்டார்கள்.

"பெருச்சாளிதான்" என்றார் காதர் பாட்சா. அவர் குரல் நடுங்கியது. "சீக்கிரம் எறக்குங்க. சீக்கிரம்."

கேட்டுவிட்டார். அவருக்குத் தெரியும். நீங்கள் தெரிந்தே… பெரியவுஹளே!

இறக்கினார்கள். வலது பக்கமாகச் சாய்த்தார்கள். முகத்தை மேற்கே திருப்பினார்கள். பலகை ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் இருட்டு கனத்தது. பாய். பிறகு மண். மூன்று பிடி, மூன்று பிடி, மூன்று பிடி. அப்புறம் மம்பட்டி மம்பட்டியாக. ஓதும் குரல் கம்மியது. காலடிகள் போயின.

ஒன்றுமே இல்லை.

பிறகு, முகத்துக்கு நேர் எதிரே, பிறாண்டும் சத்தம்.

நிற்கும். மூச்சு வாங்கும். மறுபடி பிறாண்டும். மண் பொலபொலவென்று கபன்மேல் கொட்டியது. நகம் ஒரு கூழாங்கல்லில் இடறியது. முனகல். பத்து வருஷம் எதிரே உட்கார்ந்து கேட்ட முனகல்.

இங்கேதான். இதோ இருக்கிறேன். வாங்க.

சுவர் உள்ளே சரிந்தது. ஒரு கை வந்தது. நகம் பிய்ந்த, ஈரமான கை. கபன் துணியைத் தடவியது. கன்னத்தைத் தடவியது. மூக்கில் அடைத்த பஞ்சைத் தொட்டது. அசையாத உதட்டில் விரல் நின்றது.

நான்தான். நான்தாங்க. நாலு நாள் பொறுங்க.

கை வெடுக்கென்று பின்வாங்கியது. இருட்டுக்குள், அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, சேக் அலாவுதீன் வீறிட்டு அலற ஆரம்பித்தார்.